அத்தியாயம் 7: புதன்கிழமைக் கூட்டம்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. மனச்சிதைவு நோயோடு வாழ்பவர்களுக்காக ஒரு பேச்சுக் குழு தொடங்கப்போகிறேன் என்று சொன்னால் போதும், "எங்க வீடு பூட்டித்தான் கிடக்கு, சாவி தர்றேன், நடத்திக்கங்க" என்று யாராவது முன்வருவார்கள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடாக இருக்கும். நன்றி சொல்லிவிட்டு, வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

காரணம் இரண்டு. ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரையும் உயரமான கூரையும் சேர்ந்தால் ஒருவர் பேசுவது நாலு பேர் பேசுவதுபோல் எதிரொலிக்கும். ஏற்கெனவே காதில் குரல் கேட்கிறவருக்கு அது சித்திரவதை. அடுத்தது, அந்த முகப்பைத் தாண்டி உள்ளே வர எல்லாருக்கும் கால் வராது. பெரிய வீட்டுத் திண்ணையோடு நின்று பழகிய குடும்பத்துப் பிள்ளை, அதே வீட்டு வளவில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லும் என்று எதிர்பார்ப்பது நம்முடைய ஆசை மட்டுமே.

சின்ன அறையாகப் பாருங்கள். நூலகத்தின் பின்னறை, பள்ளி விட்டபின் ஒரு வகுப்பறை, சமுதாயக் கூடத்தை ஒட்டிய சிறு அறை, எதுவானாலும் சரி. கதவு சாத்த முடிய வேண்டும், ஆனால் தாழ் போடக் கூடாது. வெளியே போக நினைக்கிறவர் யார் முன்னாலும் குறுக்கே நடக்காமல் போகிற மாதிரி கதவோரம் இரண்டு நாற்காலியைக் காலியாக விடுங்கள். ஆஸ்பத்திரி வராந்தா வேண்டாம், கோயில் மண்டபமும் வேண்டாம். முதலாவதில் அவர் நோயாளி, இரண்டாவதில் போகிற வருகிறவர்களுக்கு வேடிக்கை.

ஒரு சின்ன ஊரில் இதற்கு ஆள் இருப்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சிதைவும் அதை ஒத்த தீவிர மனநோய்களும் அந்த நேரத்தில் வயதுவந்தோரில் 0.4 விழுக்காட்டினருக்கு இருப்பதாகக் கண்டது. பத்தாயிரம் பெரியவர்கள் வாழும் ஊர் என்றால் நாற்பது பேர். குழுவுக்கு வேண்டியது ஆறிலிருந்து எட்டுப் பேர்தான். அவர்கள் இருக்கிறார்கள், வெளியே தெரிவதில்லை. செட்டிநாட்டில் இதற்கு ஒரு தனி முகம் உண்டு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, அறுபது எழுபது பேர் வாழ்ந்த வீட்டில் வயதான ஆத்தாளும், வேலைக்குப் போகாத ஒரு மகனும் மட்டும் மிஞ்சியிருப்பார்கள். "தம்பிக்கு நரம்புத் தளர்ச்சி" என்பார்கள். கூடப் பேச ஆளில்லை என்பது அந்த வீட்டில் மருத்துவப் பிரச்சினையாகவே கருதப்படுவதில்லை.

குழு எதைச் செய்யும், எதைச் செய்யாது

மாத்திரையையும் ஊசியையும் இந்தக் கூட்டம் ஈடுகட்டாது. இதை முதல் நாளே சொல்லுங்கள், குடும்பத்தாருக்கு இரண்டு தடவை சொல்லுங்கள். "அங்க போனா பேசியே குணமாக்கிருவாகளாம்" என்று ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பினால், அடுத்த மாதமே யாராவது ஒருவர் மாத்திரையை நிறுத்தியிருப்பார்.

காதில் கேட்கும் குரல்களைக் குழு நிறுத்திவிடும் என்பதற்கும் நல்ல சான்று இல்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, மனச்சிதைவுக்கான பலவகைக் குழுச் சிகிச்சைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஒதுங்கிப்போவது, பேச்சு வற்றுவது, எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, மற்றவர்களோடு பழக முடியாமல் திணறுவது ஆகியவற்றில் குழு ஓரளவு பலன் தந்தது. சுவையான செய்தி அதற்கு அடுத்தது: வேறொரு வகைக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களோடு ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. எந்த முறையைக் கையாள்கிறோம் என்பதைவிட, ஒரே ஆட்களோடு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உட்கார்வதே பலனின் பெரும்பகுதி என்று நான் இதைப் படிக்கிறேன். பட்டம் இல்லையே என்று தயங்கும் வாசகருக்கு இது நல்ல சேதி.

நம்மூர் ஆதாரம் ஒன்றும் உண்டு. சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், கோவா, மகாராஷ்டிர அமைப்புகளோடு சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தி 2014இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டது. 282 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். இன்னொரு பகுதியினருக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களின் தொடர்ந்த ஆதரவும். அந்தப் பணியாளர்கள் மருத்துவர்கள் அல்லர், பக்கத்து ஊர்க்காரர்கள். பலன் பிரமாதம் என்று சொல்ல முடியாது, மிதமானதுதான். ஆனால் மூன்று இடங்களில் தமிழ்நாட்டில்தான் அது தெளிவாகத் தெரிந்தது. அதே நிறுவனம் 2010இல் நமக்குப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், ஆலோசனை அறையும் மருந்தகமும் கொண்ட பேருந்தைக் கிராமம் கிராமமாக அனுப்பி, சென்னை மருத்துவரைத் திரையில் பார்க்கவைத்தது. மருந்து ஊருக்குள் வர முடியும் என்று அந்தப் பேருந்து காட்டியது. அந்த மருந்தை ஆண்டுக்கணக்கில் விடாமல் சாப்பிடவைக்க வேறொன்று வேண்டும்.

யாரைச் சேர்ப்பது, என்ன பெயர் வைப்பது

நோய் முற்றி, இரவு பகல் தூங்காமல், எதிரில் இருப்பவரை நம்ப முடியாத நிலையில் இருப்பவரைக் கூட்டத்துக்கு இழுத்து வராதீர்கள். மருந்து கொஞ்சம் பிடிக்கட்டும். அரை மணி நேரம் ஓர் அறையில் உட்கார முடிந்தால் அவர் தயார். குரல் கேட்பது நின்றிருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்த குழு நடத்தலாம், ஆனால் ஒரே ஒரு பெண் மட்டும் இருக்கிற மாதிரி அமைக்காதீர்கள். நடத்துகிறவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பேச்சைக் கொண்டுபோக, மற்றவர் முகங்களைப் பார்க்க.

பெயர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். 'மனச்சிதைவு நோயாளிகள் ஆதரவுக் குழு' என்று பலகை எழுதினால் கோட்டையூரில் ஒரு குருவிகூட வராது. ஜப்பானில் இந்த நோயின் பெயர் ஏறக்குறைய நம்முடையதைப் போலத்தான் இருந்தது, 'மனம் பிளந்த நோய்'. குடும்பங்களின் கோரிக்கையை ஏற்று 2002இல் அதை மாற்றி, ஒருங்கிணைப்புக் குறைபாடு என்ற பொருளில் வேறு பெயர் வைத்தார்கள். தமிழில் அந்த மாற்றம் வரும்வரை நாம் செய்யக்கூடியது, கிழமையின் பெயரை வைப்பது. புதன்கிழமைக் கூட்டம். "எங்க கிளம்பிட்ட?" என்று தெருவில் கேட்டால் சொல்ல ஒரு பதில் அவருக்குக் கிடைக்கிறது.

நேரம் காலை பதினோரு மணி, இல்லையென்றால் மாலை நாலு. இரவு மாத்திரையின் மந்தம் ஒன்பது பத்து மணி வரைக்கும் விடாது. மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் அதிகம் என்றால், ஊசிக்குப் போகும் கிழமையிலேயே கூட்டத்தையும் வைத்தால் பஸ் செலவு மிச்சம். கூட்டம் முக்கால் மணி நேரம், அதிகம் போனால் ஒரு மணி. முடிவில் டீ. டீயோடு சுண்டல் கொடுங்கள், மாவுருண்டையும் சீயமும் வேண்டாம். ஓலன்சாபின் போன்ற மாத்திரைகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும், நாமும் சேர்ந்து ஏற்ற வேண்டாம்.

முதல் கூட்டம்

நான் முதன்முதலாக நடத்திய குழுவில் ஒரு பெரிய பிழை செய்தேன். "ஒவ்வொருத்தரா உங்க பேரு, எப்ப இருந்து உடம்புக்கு முடியலைன்னு சொல்லுங்க" என்றேன். மூன்றாவதாக இருந்தவர் எழுந்து போனார். அவர் திரும்பி வரவேயில்லை. பல ஆண்டுகளாக மருத்துவரும் மந்திரவாதியும் மாமனும் மச்சானும் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டிருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

நோயை விட்டுவிட்டு வேறு எதைக் கேட்டாலும் நல்லது. "காலையில என்ன சாப்பிட்டீக?" என்று கேட்டால் எட்டுப் பேருக்கும் பதில் இருக்கும். கேள்வி சின்னதாக இருக்கட்டும், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. இந்த நோய் கவனத்தையும் நினைவையும் மெதுவாக்கும், மருந்தும் அதில் கொஞ்சம் சேர்க்கும். கேட்டுவிட்டு மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். பதினெட்டாவது எண்ணில் பதில் வரும். பேச விருப்பமில்லாதவர் "நான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று சொன்னால் போதும் என்பதை விதியாகவே வைத்துவிடுங்கள். ஆறு கூட்டம் பேசாமல் இருந்துவிட்டு ஏழாவதில் வாய் திறப்பவர் உண்டு. அவர் ஆறு முறை வந்தார் என்பதே செய்தி.

இங்கே கேட்டது இங்கேயே இருக்கும் என்ற விதியை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும்படி மருத்துவத் துறையினருக்குக் கட்டளையிடுகிறது, நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்றும் சொல்கிறது. ஏர்வாடி நம் பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். குழுவுக்கு வருகிற ஒருவர் அப்படியோர் இடத்தில் இருந்து வந்தவராக இருக்கலாம். அதனால் போட்டோ எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவும் வேண்டாம். எட்டுப் பேர் நம்பரும் எட்டு வீட்டுக்குப் போய்விடும். ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் செய்யுங்கள்.

குரலைப் பற்றிப் பேசும்போது

ஒரு கூட்டம் எப்படிப் போகும் என்பதற்கு இதோ ஒரு மாதிரி. பல கூட்டங்களில் வரக்கூடிய பேச்சைச் சேர்த்து எழுதியிருக்கிறேன், எந்த ஒரு தனிமனிதரின் கதையும் அல்ல.

நாற்பது வயதுக்காரர் ஒருவர் சொல்கிறார்: "டிவியில நியூஸ் வாசிக்கிறவுக என்னையப் பத்தித்தான் பேசுறாக."

இந்த இடத்தில் நடத்துகிறவருக்கு இரண்டு ஆசை வரும். "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, உங்க மனப்பிரமை" என்று சொல்வது ஒன்று. "அப்படியா, யாரு பேசுனா?" என்று கூடவே போவது இன்னொன்று. இரண்டும் வேண்டாம். முதலாவதில் சண்டை வரும், இரண்டாவதில் நீங்களும் சாட்சியாகிவிடுவீர்கள். "அப்படித் தோணுறப்ப பதறுமேண்ணே. அப்ப என்ன செஞ்சீக?" என்று கேளுங்கள். அவர் படும் பாடு உண்மை, அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அவர் சொல்வதற்குள் எதிரிலிருந்து ஒரு குரல்: "எனக்கும் அப்படி இருந்துச்சுண்ணே. நான் டிவிய அமத்திட்டுத் திண்ணையில வந்து உக்காந்துருவேன்."

"எனக்கும்" என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். மருத்துவரால் அதைச் சொல்ல முடியாது.

அடுத்து, இதுவரை பேசாத ஓர் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "எனக்கு எங்க மாமியா குரலு. செத்து ஆறு வருசமாச்சு. பாத்திரம் வெளக்குனியா, குளிச்சியாங்கும். நாள் பூரா ஓயாது."

கதவோரம் இருந்த இளைஞர்: "எங்க ஆத்தா உசுரோட இருக்கும்போதே அப்படித்தான்க்கா பேசும்."

எல்லாரும் சிரிக்கிறார்கள், அந்த அக்காவும்தான். நடத்துகிறவர் சிரிப்பை அடக்க வேண்டியதில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், யாரோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

மாமியார் குரல் தற்செயல் அல்ல. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மானிடவியலாளர் டான்யா லூர்மன், ஸ்கார்ஃப் மருத்துவர்களோடு சேர்ந்து, குரல் கேட்பவர்களிடம் மூன்று ஊர்களில் பேட்டி எடுத்தார். கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை. ஊருக்கு இருபது பேர். அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் முகம் தெரியாதவர்களின் குரல்கள், வன்முறை பேசுபவை. அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல். சென்னைக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சொந்தக்காரர்களின் குரல். சமை, குளி, வீட்டைப் பெருக்கு என்று அதட்டும், சில நேரம் நல்லதும் சொல்லும். நமக்குக் குரலாக வருவதுகூட உறவுமுறையோடுதான் வருகிறது. அதனால் அந்தக் குரலோடு பேரம் பேசவும் நம்மவர்களுக்குத் தெரியும். "இப்ப வேலையா இருக்கேன், ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லுங்க" என்று மாமியாரிடம் சொல்லிப் பார்க்கும்படி குழுவில் ஒருவர் யோசனை தரலாம். விளையாட்டு என்று நினைக்காதீர்கள். குரலுக்கு நேரம் ஒதுக்குவது, குரல் கேட்போர் குழுக்கள் பல நாடுகளில் கையாளும் வழி. தெருவில் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாவிட்டால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்பது இன்னொன்று. ஊரே போனில் தனியாகப் பேசிக்கொண்டு நடக்கிற காலம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சிறுவயதில் என்ன நடந்தது, அப்பச்சி அடித்தாரா என்று தோண்டும் வேலை இந்த வட்டத்தில் வேண்டவே வேண்டாம். தானாக வந்தால் கேட்டுக்கொள்ளலாம். தோண்டியெடுத்ததை மூடத் தெரியாதவர்கள் தோண்டக் கூடாது.

அடிக்கடி வரும் பேச்சுகள்

மாத்திரைதான் முதலிடம். "கை நடுங்குது", "தூங்கி வழியிறேன்னு திட்டுறாக", "உக்கார முடியல, காலு நடக்கச் சொல்லுது". கடைசியாகச் சொன்னது சில மருந்துகள் தருகிற உள் பரபரப்பு. நோய் கூடிவிட்டதாக நினைத்துக் குடும்பம் பயப்படும். "பொறுத்துக்கங்க" என்று நீங்கள் சொல்லாதீர்கள், மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று வட்டத்திலேயே ஒத்திகை பாருங்கள். வரிசையில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், அதில் முதல் வாக்கியமாக எதைச் சொல்வது? இந்த ஒத்திகைக்கு ஒரு கூட்டம் முழுவதும் போனாலும் தகும்.

கோயிலும் வரும், தர்காவும் வரும். குணசீலத்தில் 48 நாள் இருந்ததைச் சொல்வார்கள், செய்வினை எடுத்ததைச் சொல்வார்கள். கேலி செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். விரதம் என்றால் மாத்திரையை விடலாமா என்பதை மட்டும் தெளிவாகப் பேசுங்கள். விடக் கூடாது.

கல்யாணம் பெரிய பேச்சு. "ஒரு கால்கட்டுப் போட்டா சரியாயிரும்" என்று வீட்டில் சொல்வதை ஒருவர் கொண்டுவருவார். அதற்குத் தீர்ப்புச் சொல்லும் இடம் குழு அல்ல. நோயை மறைத்துச் செய்த கல்யாணத்தில் மாத்திரையையும் மறைக்க வேண்டிவரும் என்பதை, பட்ட ஒருவர் வாயாலேயே கேட்கட்டும்.

வட்டத்துக்கு வெளியே

அம்மாக்களை உள்ளே உட்காரவைக்காதீர்கள். பிள்ளைக்காக அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர்களை வெயிலில் நிறுத்தவும் வேண்டாம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் குடும்பங்களை நோயாளிகளோடு தங்கவைத்தார், வேலூர் சி.எம்.சி.யும் அதே வழியில் போனது. குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்ததில் நம் நாடு முன்னோடி. அவர்களுக்கு மாதம் ஒரு தனிக் கூட்டம் வையுங்கள். "சோம்பேறி" என்று அவர்கள் சொல்வதில் பாதி, நோயின் அறிகுறி என்பதை அங்கே பேசலாம்.

சாகப்போவதாக ஒருவர் சொன்னாலோ, யாரையாவது தாக்கச் சொல்லிக் குரல் கட்டளையிடுகிறது என்றாலோ, மூன்று இரவு தூங்கவில்லை என்றாலோ அதை வட்டத்தில் வைத்து அலசாதீர்கள். நடத்துகிறவர்களில் இரண்டாமவர் அவரைத் தனியே அழைத்துப்போகட்டும், தனியே விடாமல் கூட இருக்கட்டும். அவருக்குத் தெரியவே அவருடைய மருத்துவருக்கும் வீட்டுக்கும் சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்றால் 108. பேசி வழி கேட்க டெலிமனஸ் 14416, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். இந்த இரண்டு எண்களும் உங்கள் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரின் எண்ணும் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

நோட்டில் தேதியும் வந்தவர் பெயரும் மட்டும் எழுதுங்கள். பேசியதை எழுதாதீர்கள். பலன் தெரிகிறதா என்று பார்க்க, ஊனச் சான்றிதழுக்கு அரசு பயன்படுத்தும் 'ஐடியாஸ்' அளவுகோல் கவனிக்கிற நான்கு விஷயங்களே போதும்: தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, சொல்வதும் புரிந்துகொள்வதும், வேலை. அண்ணன் கொண்டுவந்து விட்டவர் ஒருநாள் காரைக்குடியிலிருந்து தானாக டவுன் பஸ் ஏறி வந்து இறங்கினால், அதை நோட்டின் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

முதல் புதன்கிழமை இரண்டு பேர்தான் வருவார்கள். ஒருவேளை ஒருவர். கூட்டத்தை நடத்துங்கள், டீ கொடுங்கள், அடுத்த புதன் பதினோரு மணிக்கு இதே அறையில் இருப்பேன் என்று சொல்லி அனுப்புங்கள். சொன்னபடி இருங்கள்.